பைலட் ஆக எந்த வழி? நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாட்களில் பாளையங்கோட்டை, தென்காசி, கோவில்பட்டிப் பக்கத்துப் பெற்றோர் சிலர் ஒரே கேள்வியோடு வருவார்கள்: “பைலட்டுக்கு எந்த ஸ்கூல்ல சேக்கலாம்?” என்னைக் கேட்டால் ஸ்கூல் நாலாவது விஷயம். முதலில் உடம்பு, அடுத்து பரீட்சை, அப்புறம் பணம், அதற்குப் பிறகுதான் ஸ்கூல். உடம்பையும் பரீட்சையையும் சோதித்துப் பார்க்க ஆகும் செலவு சில ஆயிரங்களிலிருந்து ஒன்றிரண்டு லட்சத்துக்குள் நின்றுவிடும். சரிப்படவில்லை என்றால் மறு வருஷமே பி.எஸ்சி.யோ இன்ஜினியரிங்கோ சேர்ந்துகொள்ளலாம். பறக்கும் பள்ளியில் கட்டிய பணம் அப்படித் திரும்பி வராது.

வழி எதுவானாலும் சிவில் விமானம் ஓட்டிச் சம்பளம் வாங்க வேண்டுமென்றால் கையில் இருக்க வேண்டியது சி.பி.எல். என்கிற வணிக விமானி உரிமம். தருவது டி.ஜி.சி.ஏ., அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். இல்லாதவர்கள் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதித் தேறலாம். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்துக்குத் தானே பொறுப்பாளியாக இருந்து ஓட்டியது, 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போனது, 5 மணி நேரம் இரவில் என்று உள்கணக்கு உண்டு. பயிற்சியைத் தொடங்குவதற்கான மாணவர் உரிமத்துக்கு 16 வயதே போதும், தனியார் விமானி உரிமத்துக்கு 17. தனியார் உரிமத்தை வைத்துப் பொழுதுபோக்குக்குப் பறக்கலாம், சம்பளத்துக்குப் பறக்க முடியாது.

உடம்புக்கு வருவோம். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் முதலில் இரண்டாம் நிலைப் பரிசோதனை, அப்புறம் அதற்கென்று குறித்த மையங்களில் முதல் நிலைப் பரிசோதனை. முதல் நிலைச் சான்று இல்லாமல் சி.பி.எல். கிடையாது. டாக்டர்கள் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, காது கேட்கும் திறன் எல்லாம் பார்ப்பார்கள். பலர் எதிர்பாராமல் மாட்டிக்கொள்வது நிறக்குருட்டில்தான். வண்ணப் புள்ளிகளாக அச்சடித்த ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டுவார்கள். புள்ளிகளுக்கு நடுவே மறைந்திருக்கும் எண்ணைத் தயங்காமல் சொல்ல வேண்டும். பதினேழு வருஷமாகச் சிவப்பும் பச்சையும் தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதையே அறியாத பையன்கள் உண்டு. திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை போல ஓரிடத்தில் இந்த ஒன்றை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொண்டால், சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் ஏமாந்து திரும்ப வேண்டியதில்லை. கண்ணாடி போட்டிருப்பது வேறு விஷயம். கண்ணாடியோடு 6/6 தெரிந்தால் சிவில் பக்கம் தடை இல்லை.

பரீட்சையை எல்லோரும் பறப்பதற்கு அப்புறம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் சரிபார்க்கப்பட்டு கணினி எண் என்கிற தேர்வுப் பதிவு எண் கிடைத்துவிட்டால், விமானத்தில் கால் வைக்காமலே டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதலாம். வான்வழிச் செலுத்தம், வானிலை, விமான விதிகள், விமானத் தொழில்நுட்பம் என்று தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். இவை தவிர ரேடியோவில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர். தேர்வு தனி. கணக்கு எந்த அளவுக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன உதாரணம். கோவில்பட்டிக்கு மேலிருந்து நேர் வடக்கே 100 நாட், அதாவது மணிக்கு 100 கடல் மைல், வேகத்தில் ஒரு சிறிய விமானம் போகிறது. மேற்கே இருந்து ஆடிக்காற்று 20 நாட்டில் அடிக்கிறது. மூக்கை நேர் வடக்கே வைத்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் 20 கடல் மைல் கிழக்கே தள்ளிக் கிடப்பீர்கள். சுமார் பதினொன்றரை டிகிரி மேற்கே திருப்பிப் பிடித்தால்தான் தடம் மாறாது. தரையை ஒட்டிய வேகமும் 98 நாட்டாகக் குறையும். பன்னிரண்டாம் வகுப்பு வெக்டர் கணக்குதான், ஆனால் மேலே போனபின் மனசுக்குள்ளேயே போட வேண்டும். இந்தத் தாள்களை வீட்டிலிருந்தோ ஆறேழு மாத வகுப்பிலோ படித்துத் தேறாத பிள்ளையை லட்சக்கணக்கில் கட்டிச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி வழிகள்.

செலவே இல்லாத வழி விமானப்படை. நம் பக்கத்தில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏனோ குறைவு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வயதுக்குள் என்.டி.ஏ. என்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமி நுழைவுத் தேர்வை எழுதலாம். வருஷத்துக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது, பெண்களும் எழுதலாம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழிப் பிள்ளைகள் அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், அதில் தேறியவர்களுக்கு ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி. என்கிற படை அதிகாரித் தேர்வு வாரிய நேர்முகத்துக்கும் 900. பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு ஏ.எஃப்.கேட். என்கிற விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. வயது 20 முதல் 24 வரை, சி.பி.எல். வைத்திருந்தால் 26 வரை. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் ‘சி’ சான்றிதழ் வாங்கியவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் சிறப்பு நுழைவும் உண்டு. தேறினால் பயிற்சி, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் அரசு செலவு. அகாடமியின் கடைசிக் கட்டத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

இந்த வழியில் இரண்டு இடத்தில் கதவு இறுக்கம். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்ட பிள்ளைக்கு என்.டி.ஏ. வழியாக விமானப்படைப் பைலட் பிரிவு கிடைக்காது. இன்னொன்று, பைலட் பிரிவுக்கென்று கணினியில் நடத்தும் தகுதித் தேர்வை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவைச் சோதிக்கும் தேர்வு அது. அதில் தவறினால் விமானப்படையில் வேறு பிரிவுக்குப் போகலாம், பைலட் பிரிவுக்கு மறுபடி கேட்க முடியாது. அப்புறம், போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் வந்துவிடுகிற வேலை இல்லை இது. குறுகியகாலப் பணியே 14 வருஷம். ஆனால் சிவில் சி.பி.எல்.லுக்குப் பணம் கட்டுவதற்கு முன் என்.டி.ஏ. எழுதிப் பார்ப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. விண்ணப்பக் கட்டணம் நூறு ரூபாய், பெண்களுக்கு அதுவும் இல்லை. பிள்ளை இன்னும் ஐந்தாம் வகுப்பில் இருந்தால் என்.டி.ஏ.வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் உடுமலைப்பேட்டை பக்கத்து அமராவதிநகர் சைனிக் பள்ளியையும் யோசிக்கலாம்.

இரண்டாவது வழி, உள்நாட்டுப் பயிற்சிப் பள்ளி. நம்மில் பெரும்பாலோர் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் பெயர் சொல்ல வேண்டியது உத்தரப்பிரதேசத்தில் ரேபரேலி பக்கம் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி. மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அரசு நிறுவனம் என்றதும் கட்டணம் குறைவு என்று நினைக்க வேண்டாம், அதுவும் 45 லட்சத்தைத் தொடும். பெயருக்கு மதிப்பு உண்டு. குறை என்று பார்த்தால் வட இந்தியப் பனிமூட்டம். டிசம்பர், ஜனவரியில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத காலைகளில் சிறு விமானம் கிளம்பாது.

தமிழ்நாட்டுக்குள் என்றால் சேலம். இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய நிலையங்களில் அதுவும் ஒன்று. நம் சொந்தச் சீமையில் கோவில்பட்டி பக்கம் பழைய விமான ஓடுதளம் ஒன்று கரிசல் நடுவே கிடக்கிறது. அங்கே பறக்கும் பயிற்சிப் பள்ளி கொண்டுவர மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முயற்சி எடுத்துவருகிறது. வந்தால் நமக்கு எவ்வளவோ நல்லது: மழை குறைந்த பூமி, வருஷத்தில் முக்கால்வாசி நாள் தெளிந்த வானம். ஆனால் கயத்தாற்றில் அத்தனை காற்றாலை எதற்கு நிற்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழி வரும் காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்தால், செஸ்னா 172 போன்ற விமானத்தில் புதிதாகப் படிக்கும் பையனைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். அந்த விமானத்துக்கே சோதித்துக் காட்டிய குறுக்குக்காற்று அளவு 15 நாட்தான். எப்படியும் அந்தப் பள்ளி வரும் என்று இப்போதே காத்திருந்து வயதை விட வேண்டாம்.

தனியார் பள்ளிகள் சொல்லும் தொகை இன்று சுமார் 45 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை. அந்தக் கட்டணத் தாளைக் கையில் வாங்கியதும் அதில் என்ன இருக்கிறது என்பதை விட என்ன இல்லை என்று பாருங்கள். தங்கும் இடம், சாப்பாடு, பரீட்சைக் கட்டணம், ஆர்.டி.ஆர்., திறன் சோதனைக்குக் கூடுதலாகப் பறக்கும் மணிகள், இரட்டை இன்ஜின் தகுதி, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் கருவிப்பறப்புத் தகுதி இவையெல்லாம் பல தாள்களில் அடியில் பொடி எழுத்தில் “தனி” என்று இருக்கும். இரட்டை இன்ஜினும் கருவிப்பறப்பும் இல்லாத வெறும் சி.பி.எல்.லை விமான நிறுவனம் ஏறிட்டும் பார்க்காது. அப்புறம் இருக்கிறது டைப் ரேட்டிங். ஏர்பஸ் 320ஐ ஓட்ட வேண்டுமென்றால் அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி. அதற்குச் சுமார் 12 முதல் 20 லட்சம். இதைச் சொல்லாமல் “ஐம்பது லட்சத்தில் பைலட்” என்று விளம்பரம் செய்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

காலம் இன்னொரு வகையில் பணம் தின்னும். ஒன்றரை வருஷம் என்று சொல்லிச் சேர்க்கும் இடங்களில் இரண்டு, இரண்டரை வருஷம் ஆவது சாதாரணம். விமானம் பழுதாகி நிற்கும், ஆசிரியர் விமான நிறுவனத்துக்கு வேலைக்குப் போய்விடுவார், மாணவர் கூட்டம் அதிகமாக இருக்கும். டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபரிலிருந்து பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முதல் பட்டியலில் உச்ச வரிசையில் ஒரு பள்ளிகூட இல்லை. நீங்கள் சேரப்போகும் பள்ளி எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

மூன்றாவது, விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டம். இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டுக்கும் இருக்கிறது. நுழைவுத் தேர்வு, திறன் சோதனை, நேர்காணல் முடித்துத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் காட்டும் பள்ளியில் பயிற்சி, டைப் ரேட்டிங்கும் அதற்குள்ளேயே. எல்லாம் தேறினால் அந்த நிறுவனத்தில் துணை விமானி வேலை. இண்டிகோ 2023இல் ஒரே ஆர்டரில் 500 விமானங்களும், ஏர் இந்தியா அதே வருஷம் 470 விமானங்களும் கேட்டிருப்பதால் ஆள் தேவை உண்மை. விலைதான் ஒரு கோடிக்கு மேல்.

வள்ளியூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருத்தர் இந்தத் திட்டத்தின் விளம்பரத்தை போனில் காட்டிக் கேட்டார். “தம்பி, ஒரு கோடிங்காவ. பேங்க்ல குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க அண்ணாச்சி. ஆனா பத்திரம் கேப்பாங்க.”

“வீட்ட வைக்கவா, வயக்காட்ட வைக்கவா?”

இதுதான் சரியான கேள்வி. கல்விக்கடனில் ஏழரை லட்சம் வரைதான் சொத்து ஈடு இல்லாமல் பொதுவாகக் கிடைக்கும். அதற்கு மேல் வீடோ மனையோ காட்டியாக வேண்டும். விவசாய நிலத்தை ஈடாக எடுக்கப் பல கிளைகள் தயங்கும். கணக்கு இப்படி: 50 லட்சம் கடன், வட்டி பத்தரை சதவீதம், பத்து வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை 67,000 ரூபாயைத் தாண்டும். ஒரு கோடி என்றால் அதைப் போல் இரண்டு மடங்கு. பயிற்சி நடக்கும் இரண்டு வருஷத்து வட்டி வேறு அசலோடு ஏறி நிற்கும். வேலை கிடைத்துத் துணை விமானியாகச் சம்பளம் வந்தால் இந்தத் தவணை கட்டக்கூடியதுதான். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம் வேலைக்குக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கடைக்கு வரும் லாபத்திலிருந்தோ வேறு வருமானத்திலிருந்தோ அந்த இரண்டு வருஷத் தவணையைக் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றேன். அண்ணாச்சி போனைக் கல்லாவுக்குள் போட்டுவிட்டு, பையனை முதலில் பரீட்சை எழுதச் சொல்லப் போவதாகச் சொன்னார். வருமான வரம்புக்குள் வரும் பட்டியல் சாதி மாணவர்கள் மட்டும் ஒன்றைத் தவற விடக்கூடாது: மத்திய அரசின் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையில் முதல் பிரிவுப் படிப்புகளில் சி.பி.எல்.லும் இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் வங்கிக்குப் போகலாம்.

கேடட் திட்டத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வேலை உறுதி என்பது நிபந்தனைகளோடு கூடிய உறுதி. ஒப்பந்தத்தில் எந்தக் கட்டத்தில் தவறினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற பகுதியை ஒரு வக்கீலிடம் காட்டிப் படித்துவிட வேண்டும்.

நாலாவது வெளிநாடு: அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, பிலிப்பைன்ஸ். விமானமும் வானிலையும் சரியாக இருக்கும் இடத்தில் ஒரு வருஷத்துக்குள் மணிக்கணக்கு முடிந்துவிடும், அதுதான் கவர்ச்சி. திரும்பி வந்தால் அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். அதற்கு இங்கே டி.ஜி.சி.ஏ. தேர்வும் திறன் சோதனையும் உண்டு. டாலர் ஏறினால் பாதிப் பயிற்சியில் பட்ஜெட் எகிறும். ஏற்கெனவே இங்குள்ள தாள்களைத் தேறிவிட்டு, முழுத் தொகையும் கையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். கடன் வாங்கிப் போகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஏவியேஷன் டிப்ளமோ, ஏவியேஷன் பி.பி.ஏ. என்று ஊரெல்லாம் பிளெக்ஸ் வைக்கிறார்களே, அவற்றில் பல விமான நிலையத் தரைப்பணிக்கான படிப்புகள். பிளெக்ஸில் நாலு கோடு போட்ட தோள்பட்டையோடு ஒரு பைலட் நிற்பதை வைத்து ஏமாறக்கூடாது. அந்தப் பள்ளியின் பெயர் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பறக்கும் பயிற்சி நிறுவனங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

பறப்பதற்குப் பக்கத்தில் நிற்கும் வேலைகளும் உண்டு. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து முடித்தவர், கணிதமும் அதில் பாடமாக இருந்தால், விமான நிலைய ஆணையத்தின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தேர்வு எழுதலாம். நல்ல சம்பளம், கடன் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறி 18 வயதானவர் ஒரு வாரப் பயிற்சியில் ட்ரோன் பைலட் சான்று வாங்கலாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலேயே அந்தப் பயிற்சி நடக்கிறது. வயலுக்கு மருந்தடிக்கும் தொழிலுக்கு அது போதும். பைலட் கனவுக்கு அது பதிலாகாது.

என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். பதினேழு வயது, கண் சரி, கணக்கு நன்றாக வரும் என்றால் முதலில் என்.டி.ஏ. கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் கல்லூரியிலோ ஒரு பட்டம். படிக்கும்போதே டி.ஜி.சி.ஏ. தாள்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு, ஏ.எஃப்.கேட்.டும் எழுதலாம். பட்டம் கையில் இருந்தால் வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் தவணை கட்டவும் ஒரு வழி இருக்கும். கண்ணாடி போட்ட பிள்ளை, வீட்டில் கடன் இல்லாமல் பாதித் தொகையாவது புரட்ட முடியும் என்றால் உள்நாட்டுப் பள்ளி. வாடகை வருகிற கட்டடமோ நிலையான தொழிலோ இருந்து, பிள்ளையும் எல்லாத் தாளையும் முதல் தடவையிலேயே தேறியிருந்தால் கேடட் திட்டம். ஒரே சொத்து குடியிருக்கும் வீடு என்றால் சிவில் வழியை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள்.

உள்நாட்டுப் பள்ளி என்று முடிவானால் சேருவதற்கு முன் நேரில் போங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. காலை ஏழு மணிக்குப் போய் நின்று, எத்தனை விமானம் வெளியே வருகிறது, எத்தனை கொட்டகைக்குள்ளேயே மூடி கழற்றிய இன்ஜினோடு நிற்கிறது என்று எண்ணுங்கள். அலுவலகத்தில் உட்காராமல் கேன்டீனில் உட்கார்ந்து, சேர்ந்து ஒரு வருஷமான மாணவனிடம் அவனுடைய பறப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு பறப்பு: தேதி, விமானத்தின் பதிவெண், கிளம்பிய நேரம், நின்ற நேரம். போன மாதத்தில் எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள். மாதம் பதினைந்து மணி நேரம் ஓடியிருந்தால் பள்ளி நடக்கிறது. நாலு மணி நேரம்தான் என்றால், அந்தக் கணக்கில் 200 மணி நேரம் முடிய நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். முன்பணத்தை அன்றைக்கே கேட்பார்கள். மொத்தமாகக் கட்டாமல் பறந்த மணிக்கு ஏற்ப தவணையாகக் கட்டுவதற்கு ஒப்புக்கொள்வார்களா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளாத இடமென்றால் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்துவிடலாம்.